வேணுமா, விசுவாசமா?

லினக்ஸ் பழகத் தொடங்குகிறவர்களிடம் சொல்லப்படும் பழைய கேலி ஒன்று உண்டு. “உன் கம்ப்யூட்டர்ல பிரெஞ்சு மொழி ஃபைல் எல்லாம் சும்மா இடத்த அடைச்சுக்கிட்டு கிடக்கு. ‘சூடோ ஆர்எம் -எஃப்ஆர் /’னு அடி, போயிரும்.”

எஃப்ஆர் என்றால் பிரெஞ்சு என்று நம்ப நியாயம் இருக்கிறது. பிரான்ஸின் இணைய முகவரிகள் அப்படித்தான் முடிகின்றன. ஆனால் இங்கே எஃப் என்றால் ‘கேள்வி கேட்காதே’. ஆர் என்றால் ‘உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றிலும் இறங்கு’. சாய்கோடு, எல்லாக் கோப்புகளுக்கும் வேர். ஆர்எம் அழிக்கும்; சூடோ அதற்கு நிர்வாகியின் அதிகாரத்தைக் கொடுக்கும். கணினியில் இருப்பதையெல்லாம் துடைத்துவிடச் சொல்லும் கட்டளை இது.

இந்தக் கேலி பலிக்க இரண்டு விஷயங்கள் வேண்டும். எதிரில் இருப்பவருக்கு அந்த மொழி தெரியக் கூடாது. சொல்கிறவர்மேல் நம்பிக்கை இருக்க வேண்டும். இப்படிப் புரியாத மொழியைப் பிறரை நம்பி ஒப்பித்த கதை ஒன்று எங்கள் முத்துக்குளித்துறையிலும் உண்டு. அதற்கு ஏறத்தாழ 480 வயது.

1542இன் கடைசியில் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். பிறந்த ஊர் ஸ்பெயினின் நவார்ரா பக்கம்; தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்த சிலரைக் கூட்டிவைத்து, செபங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் பெரும்பாடுபட்டுத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்து அதைச் சொல்லிக்கொடுத்தார்.

1544இல், உடன் ஊழியம் செய்த பிரான்சிஸ்கு மான்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் வருகிறது. இனி ‘வேணும்’ என்று சொல்ல வேண்டாம், ‘விசுவாசம்’ என்று சொல்லுங்கள். முதல் சொல்லுக்கு ‘விரும்புகிறேன்’ என்று பொருள், இரண்டாவதுக்குத்தான் ‘நம்புகிறேன்’ என்று பொருள். அதாவது, அதுவரை நம்பிக்கையை அறிக்கையிட வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்றே சொல்லப்பட்டு வந்திருக்கிறது.

இங்கே யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. ஆனால் லினக்ஸ் கேலியைத் தலைகீழாகத் திருப்பிய மாதிரி ஒரு விஷயம் இருக்கிறது. திருப்பிச் சொன்ன பரதவர்களுக்கு ‘வேணும்’ என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். தெரியாதவர், சொல்லிக்கொடுத்தவர்தான். முத்துக்குளிப்பைச் சுற்றி நடந்த மோதல்களில் போர்த்துகீசியரின் பாதுகாப்பைத் தேடித்தான் 1530களில் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். ‘எனக்கு வேணும்’ என்பது அவர்கள் வாயில் பொய்யாக இருந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மனிதர்கள் தப்பான சொல்லையும் தங்களுக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்வார்கள். கணினி அப்படியில்லை, சொன்னதைச் செய்துவிடும். அதனால் அங்கே வேலி தேவைப்பட்டது. 2005இல் வந்த சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 10, வேரையே அழிக்கச் சொன்னால் மறுத்தது. 2006இல் க்னூவின் ஆர்எம்மும் அதே வழிக்கு வந்தது. கேலிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சாய்கோட்டுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறியைச் சேர்த்தார்கள். அந்தக் குறியை ஷெல் முதலிலேயே விரித்து, வேருக்குக் கீழே உள்ள ஒவ்வொரு பெயராக ஆர்எம்மிடம் கொடுத்துவிடும். வேர் என்ற சொல்லே கண்ணில் படாததால் காவலும் விழித்துக்கொள்ளாது.

ஆக, வேலி மட்டும் போதாது, மொழி தெரிய வேண்டும். சவேரியாருக்குப் பின் இதே கரைக்கு வந்த அன்றீக்கு அன்றீக்கஸ் அதைத்தான் செய்தார். புன்னைக்காயலில் இருந்து தமிழ் கற்றார், தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578இல் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சேறியது.

ஒரு சொல் தப்பு என்று தெரிந்ததும் கடிதம் எழுதித் திருத்திய அந்த அக்கறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. புதிதாக வருகிற தம்பி ஒருவன், “அண்ணே, இது என்ன பண்ணும்?” என்று கேட்டால், எஃப்புக்கும் ஆருக்கும் முதலில் அர்த்தம் சொல்லலாம். அப்புறம் அந்த பிரெஞ்சு ஜோக்கைச் சொல்லலாம். அப்பவும் சிரிப்பு வரும், அவனுக்கும் சேர்த்து.