போர்டு வைக்காத கடை

போன மாதம் மாட்டுங்காவில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் திருநெல்வேலிக்காரர். "தம்பிக்கு என்ன வேலை?" என்றார். "வக்கீல் ஆபீஸ்ல கட்டுரை எழுதுறேன் அண்ணாச்சி" என்றேன். "வக்கீல் ஆபீஸ்ல கட்டுரை எதுக்கு?" என்று சிரித்தார்.

நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் பழைய கதை.

நம் நாட்டில் வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது. இது கனவான்களின் தொழில், ஆள் பிடிக்கும் வியாபாரம் அல்ல என்று இங்கிலாந்திலிருந்து வந்த எண்ணம். பெயரும் முகவரியும் எழுதித் தபால் கார்டு அனுப்பியதையே 1929-ல் பம்பாய் ஹைகோர்ட் தவறு என்றது. பிறகு வந்த பார் கவுன்சிலின் 36-வது விதி, பெயர்ப் பலகைகூட அளவோடு இருக்க வேண்டும் என்கிறது. 2008-ல்தான் இணையதளத்துக்கு அனுமதி. அதிலும் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறை வழக்குகள் என்பதோடு சரி. அமெரிக்காவில் 1977-லேயே உச்ச நீதிமன்றம் இந்தக் கதவைத் திறந்துவிட்டது. இங்கே இன்னும் திறக்கவில்லை.

வாசல் அடைத்திருந்தால் ஜன்னல்தானே? அந்த ஜன்னல்தான் எழுத்து. 1891-ல் மெட்ராஸ் லா ஜர்னல் தொடங்கியது. அதை வளர்த்த வி. கிருஷ்ணசாமி ஐயரும் பி.ஆர். சுந்தரம் ஐயரும் பின்னால் ஹைகோர்ட் நீதிபதிகள் ஆனார்கள். இங்கே பம்பாயில் நானி பல்கிவாலா, தன் சீனியர் காங்காவோடு சேர்ந்து 1950-ல் வருமான வரி பற்றிய புத்தகம் போட்டார். அப்போது அவருக்கு வயது முப்பது. 1958-ல் ஒரு ஓட்டல் ஹாலில் அவர் தொடங்கிய பட்ஜெட் சொற்பொழிவு, கூட்டம் தாங்காமல் பிரபோர்ன் ஸ்டேடியத்துக்கே போனது. இவர்கள் எல்லாம் கட்சிக்காரர் பிடிக்க எழுதினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படித்தவர்களும் கேட்டவர்களும் அந்தப் பெயர்களை மறக்கவில்லை.

இன்று அதற்கு 'தாட் லீடர்ஷிப்' என்று பெயர். நான் எழுதுவேன், பெரிய வக்கீல் பெயரில் வரும். ஒரே ஒரு கட்டளை: எல்லாவற்றையும் சொல்லிவிடாதே, போன் பண்ண ஒரு காரணத்தை மிச்சம் வை.

அண்ணாச்சி பாயசத்தின்போது மகன் கதையைச் சொன்னார். வீட்டு ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவில்லையாம். வாங்கிய அட்வான்ஸையே ஓனர் குறைத்துச் சொல்கிறாராம். "ஏதோ கட்டுரை படிச்சான். வக்கீலைப் பாருங்கன்னு முடிச்சிருந்துதாம். பீஸ் கேட்டுப் பயந்து, போனது போகட்டும்னு விட்டுட்டான்."

கட்டுரையின் தலைப்பைக் கேட்டேன். நான் எழுதியதுதான். பாயசம் இறங்கவில்லை.

அதில் நான் மிச்சம் வைத்தது இதுதான். மகாராஷ்டிராவின் 1999 வாடகைச் சட்டம் 55-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது ஓனரின் பொறுப்பு. பதிவு செய்யாவிட்டால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே எடுபடும். இரண்டு வரி, அவ்வளவுதான். இலையிலிருந்து எழுந்ததும் முதல் வேலையாக அதை அண்ணாச்சியிடம் சொன்னேன்.

வக்கீல் எழுதிய கட்டுரையைப் படித்தால் கடைசி பாராவைப் பாருங்கள். பீஸ் கொடுக்காதவனுக்கும் அதில் ஏதாவது இருந்தால், அந்த வக்கீலை நம்பிப் போகலாம்.

திங்கட்கிழமை அந்த இரண்டு வரியையும் சேர்த்து ஆபீஸில் நீட்டினேன். இன்னும் பதில் இல்லை. அதனால் இங்கே எழுதிவிட்டேன்.