பனி என்றால் எந்தப் பனி?

ஜூன் மாதம் ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கும் பஸ், கினிகத்தேனைக்கு வருமுன்பே விளக்கைப் போட்டுக்கொள்கிறது. "ஒரே பனி, ரோடே தெரியல்ல" என்கிறார் சாரதி. தலவாக்கலைப் பக்கம் காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பெண், இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து கனப்பதைக் காட்டி, "இன்னும் பனி காயல்ல" என்கிறார். ஜனவரி விடியலில் நுவரெலியா மரக்கறித் தோட்டக்காரர் உருளைக்கிழங்குப் பாத்தியில் குனிந்து இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பனி கருக்கிருச்சு" என்கிறார்.

மூவர் வாயிலும் ஒரே சொல். ஆனால் சாரதி கண்டது காற்றில் மிதக்கும் நுண்துளிகளை. ஒவ்வொரு துளியும் ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. கொழுந்து பறிக்கும் பெண்ணை நனைத்தது இலைமேல் படிந்த நீர். தோட்டக்காரரின் பயிரை அழித்தது நீர்கூட அல்ல, பனிக்கட்டியின் பளிங்குகள். பாடசாலையில் திண்மம், திரவம், வாயு என்று பிரித்துப் படிக்கும் பிள்ளைக்கு இது குழப்பமாகத் தோன்றலாம். மலையகத் தமிழ் மூட்டம், இலைத்துளி, உறைந்த பளிங்கு என்ற மூன்றையும் ஒரே குடையின்கீழ் நிறுத்தியிருக்கிறது.

சொல்லின் உறவினரைத் தேடிப்போனால் காரணம் புலப்படுகிறது. கன்னடத்தில் 'ஹனி' என்றால் துளி. தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாவது வழக்கம் (பால் அங்கே 'ஹாலு'). துளுவில் 'பனி' என்பது தூறல். மலையாளத்தில் 'பனி' காய்ச்சல். நாம் பனி என்பதை அவர்கள் 'மஞ்ஞு' என்பார்கள். காய்ச்சலுக்கும் பனிக்கும் என்ன உறவு என்று கேட்பவர், தமிழின் 'பனித்தல்' என்ற வினையைப் பார்க்க வேண்டும். பழந்தமிழில் அதற்கு நடுங்குதல் என்று பொருள். குளிர்சுரம் கண்டவன் நடுங்குகிறான். அந்த நடுக்கம் மலையாளத்தில் நோயின் பெயராகிவிட்டது. கண் பனித்தது என்னும்போது அதே வினை துளிர்க்கும் கண்ணீரைக் குறிக்கிறது.

துளி, தூறல், நடுக்கம், கண்ணீர். இவற்றை அடுக்கிப் பார்த்தால், இந்தச் சொல் பொருளின் நிலையைப் பார்த்துப் பிறந்ததல்ல என்பது தெரியும். உடம்பு உணர்ந்ததைப் பார்த்துப் பிறந்தது: குளிர்ச்சி, ஈரம், சிலிர்ப்பு. தொல்காப்பியம் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தபோது முன்பனி, பின்பனி என இரண்டைப் பனிக்கே கொடுத்தது. அந்தப் பனி, சமவெளியின் பனி. மார்கழியில் நெற்கதிரிலும் கூரை ஓலையிலும் துளித்து நின்று வெயிலேறியதும் மறையும் நீர். பனி உறையாத நிலத்தில் உறைந்த பனிக்குத் தனிச்சொல் தேவைப்படவில்லை.

இந்தச் சொல் குடும்பத்தில் ஒரு கிளையை மட்டும் அருகில் போய்ப் பார்க்கலாம். கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கும் பன்னீர், 'பனிநீர்' என்பதன் மரூஉ. ரோஜா இதழைத் தண்ணீரோடு கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிர்ந்த குழாய்வழி செலுத்தினால் மறுமுனையில் சொட்டுச் சொட்டாக விழுவது பன்னீர். ஆவி குளிர்ந்து நீராவதை இலங்கைப் பாடநூல்கள் 'ஒடுங்கல்' என்கின்றன. விடியற்காலைத் தேயிலையின்மேல் நடப்பதும் வடிபானைக் குழாயில் நடப்பதும் ஒரே ஒடுங்கல்தான். பன்னீருக்குப் பெயர் வைத்தவருக்குப் பௌதிகவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை; கண் கூர்மையாக இருந்திருக்கிறது.

சமவெளிப் பனி மலையேறியது 19ஆம் நூற்றாண்டில். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பக்கத்து மக்கள் முதலில் கோப்பிக்காகவும், ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலையை நட்ட பிறகு அதற்காகவும் இந்த மலைகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1885இல் ரயில் நானுஓயாவை எட்டியது. வந்தவர்களின் மூட்டையில் கம்பளி அதிகம் இருந்திருக்காது. பிறகு தோட்டங்கள் கம்பளி கொடுத்து அதன் விலையைக் கணக்கில் பிடித்தன. துரைமாரின் ஆங்கிலமே அதைத் தமிழிலிருந்து எடுத்துக் 'கம்ளி' என்று எழுதிக்கொண்டது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். புல்லின்மேல் நீர் வெள்ளையாக உறைந்து நிற்பதை வாழ்வில் முதன்முறையாகப் பார்த்தவர்களிடம் அதற்கென ஒரு சொல் இல்லை. கையில் இருந்தது பனி. அதையே வைத்தார்கள்.

பக்கத்து மொழி வேறு வழியில் போனது. சிங்களத்தில் இலைத்துளிக்கு 'பிணி', மூட்டத்துக்கு 'மீதும', உறைந்ததற்குத் 'துஹின', வானிலிருந்து கொட்டுவதற்கு 'ஹிம'. நான்கு பொருளுக்கு நான்கு சொல். நீலகிரித் தமிழர் இடைவழி ஒன்றைக் கண்டார்கள். ஊட்டியில் முதலில் வருவது 'நீர்ப்பனி', குளிர் இறுகியபின் 'உறைபனி'. வேர்ச்சொல்லைக் கைவிடாமல் வேறுபாட்டையும் காட்டும் இந்த ஏற்பாடு மிகவும் நேர்த்தியானது. இலங்கைச் செய்தித்தாள்கள் இப்போது நுவரெலியாவுக்குத் 'துகள் உறைபனி' என்று எழுதுகின்றன. ஆனால் அதன் வாலில் 'பொழிவு' என்று ஒட்டிவிடும்போதுதான் சிக்கல் வருகிறது.

உறைபனி பொழிவதில்லை. பனித்துளியும் விழுவதில்லை. விழுகிறது என்றே மனிதகுலம் வெகுகாலம் நம்பியது. திருப்பாவையில் தோழியின் வாசலில் நிற்கும் பெண்களின் தலையில் பனி விழுகிறது. தோட்டத்து லயத்தில் அப்பாயி, "பனி விழுது புள்ள, தலைய மூடு" என்கிறாள். 1814இல் வில்லியம் சார்ள்ஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் பனித்துளியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இரவில் சம எடையுள்ள கம்பளிப் பஞ்சுகளைத் தோட்டத்தில் வெவ்வேறு இடங்களில் வைத்து, காலையில் எது எவ்வளவு நனைந்தது என்று நிறுத்துப் பார்த்தவர் அவர். திறந்த வானத்தைப் பார்த்த பஞ்சு நன்றாக நனைந்தது. மேலே ஏதேனும் மறைப்பு இருந்தது குறைவாகவே நனைந்தது. தெளிந்த இரவில் புல்லும் இலையும் தம் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசி இழக்கின்றன. சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன. அவற்றைத் தொட்ட காற்றிலுள்ள நீராவி அங்கேயே ஒடுங்குகிறது. மேலிருந்து எதுவும் வரவில்லை.

காரணம் தவறு என்றாலும் அப்பாயியின் கட்டளை சரி. தலையை மூடும் துணி, தலைக்கும் வானத்துக்கும் நடுவே நின்று வெப்பம் தப்புவதைத் தடுக்கிறது. தேயிலை மலையில் அதே வேலையைச் சவுக்கு செய்கிறது. கிரவீலியா மரத்தைத்தான் தோட்டத்தில் சவுக்கு என்பார்கள். உறைபனி படிந்த காலையில் அதன் குடைக்குக் கீழிருக்கும் செடி, வெட்டவெளிச் செடியைவிட நன்றாகத் தப்பிப் பிழைக்கிறது.

வெண்பனி கொட்ட மேகம் வேண்டும். உறைபனி படிய வானம் வெளித்திருக்க வேண்டும். இரண்டும் எதிரெதிர். ஆகவே 'பனிப்பொழிவு' என்ற செய்தியை நம்பி விடிய நுவரெலியாவில் வந்து வானத்தைப் பார்ப்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் காலடிப் புல்.

ஒரே சொல்லுக்குள் இருக்கும் இந்தப் பனிகள் ஒன்றுக்கொன்று உடன்பிறப்புகள் என்று நினைத்தால், பௌதிகவியல் இன்னொன்றைக் காட்டுகிறது: ஒரு பனி இன்னொரு பனியைத் தடுக்கும். ஒரு கிராம் நீராவி பனித்துளியாக மாறும்போது ஏறத்தாழ 600 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு சதுர மீற்றர் புல்லில் 100 கிராம் பனிநீர் படிந்தால் 60,000 கலோரி. 600 கிராம் தண்ணீரை 0 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்கும் வெப்பம் அது. யாருக்கும் தெரியாமல் இரவெல்லாம் இலைக்குள் சேர்கிறது. அதனால் ஈரக்காற்றுள்ள இரவில் துளி படியத் தொடங்கியதும் குளிர் இறங்கும் வேகம் தளர்கிறது. ஜனவரி, பெப்ரவரியின் வறண்ட இரவில் காற்றில் ஆவி குறைவு. துளி படியத் தொடங்குமுன்பே இலை பூச்சியப் பாகையைத் தாண்டிவிடுகிறது. அப்போது ஆவி நீராகாமல் நேரே பளிங்காகிறது. சாம்பிராணிப் பதங்கம் எடுக்கும் சித்த வைத்தியரின் சட்டியில், எழும் புகை மேல்மூடியில் நேரே தூளாகப் படிவதுபோல.

இந்த வெப்பத்துக்குத் தமிழில் இரண்டு பெயர். இலங்கைப் பிள்ளைகள் 'மறைவெப்பம்' என்று படிக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 'உள்ளுறை வெப்பம்' என்று. இரண்டாவதில் தொல்காப்பியத்தின் உள்ளுறை உவமம் ஒலிக்கிறது: வெளியே சொல்லாமல் உள்ளே பொதிந்த பொருள். ஸ்கொட்லாந்தின் ஜோசப் பிளாக் 1760களில் கண்டதும் அதைத்தான். பனிக்கட்டி உருகும்போது வெப்பம் உள்ளே போய்க்கொண்டேயிருக்கும். வெப்பமானி மட்டும் அசையாது. கிராமுக்கு 80 கலோரி அப்படி மறைகிறது. நீர் உறையும்போது அதே 80 திரும்ப வருகிறது. நுவரெலியாவில் விடியுமுன் எழுந்து பாத்திக்குத் தண்ணீர் தெளிப்பவர்கள், தண்ணீரின் சொந்தச் சூட்டோடு இந்தக் கணக்கையும் சேர்த்தே இலைக்குக் கொடுக்கிறார்கள்.

ஹட்டன் மூட்டத்தின் பிறப்பு வேறு. தென்மேல் பருவக்காற்று கித்துல்கலைப் பள்ளத்திலிருந்து மலைமுகத்தில் ஏறுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைகிறது, வாயு விரிகிறது, விரிவதற்கான சக்தியைத் தன் வெப்பத்திலிருந்தே எடுப்பதால் 100 மீற்றருக்கு ஏறத்தாழ 1 பாகை குளிர்கிறது. நாட்டின் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்றான வட்டவளையைத் தாண்டுமுன்பே ஆவி துளியாகி, ரோட்டை மூடுகிறது. கீழிருந்து பார்ப்பவருக்கு அது மேகம். உள்ளே பஸ் ஓட்டுபவருக்குப் பனி.

இலைமேல் நின்ற பனிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தராசில் கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கிலோ கழிக்கும் வழக்கம் தோட்டங்களில் இருக்கிறது. இரவில் காற்றிலிருந்து வந்து படிந்த நீர், படங்கையும் சேலையையும் நனைத்தது போதாதென்று, அன்றைய 'பெயரையும்', அதாவது நாள் வேலைக் கணக்கையும், குறைக்கிறது. பனியில் நின்று நனைந்தவளின் உழைப்பு எவ்வளவு, நீர் எவ்வளவு என்று அந்தக் கழிவு நியாயமாகப் பிரிக்கிறதா என்பது மலையகப் பெண்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி.

'பனி கருக்கிருச்சு' என்ற வாக்கியத்தில் நெருப்பின் வினை பனிக்கு வந்திருக்கிறது. இது வெறும் தோற்றத்தால் வந்த உவமையாக இருக்கலாம். உறைபனி தொட்ட தேயிலைக் கொழுந்து சுட்டதுபோலவே பழுத்துக் கறுக்கும். ஆனால் உள்ளே நடப்பதும் அதற்கு ஒத்துப்போகிறது. கலங்களுக்கு இடையிலுள்ள நீர் முதலில் உறைகிறது, அந்தப் பளிங்கு கலத்துக்குள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது, மென்சவ்வு சிதைகிறது. இலை நீரிழந்து சாகிறது. நெருப்பில் சாகும் இலைக்கும் நீர்தான் போகிறது. இதில் இன்னொரு கொடுக்கல் வாங்கலும் உண்டு: திம்புளைத் தேயிலைக்குப் பெயர்வாங்கித் தரும் மணம் ஜனவரி முதல் மார்ச் வரையிலான இதே குளிர்ந்த, வறண்ட நாட்களில்தான் கூடுகிறது.

உயர்தரப் பௌதிகவியல் வகுப்பில், காற்றிலுள்ள நீராவி ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலைக்கு 'பனிபடுநிலை' என்று பெயர். கலைச்சொல் ஆக்கியவர்கள் 'விழு' என்றோ 'பொழி' என்றோ வைக்காமல் 'படு' என்று வைத்தார்கள். படுதல் என்றால் ஒன்றின்மேல் தங்குதல், உண்டாதல். வெல்ஸ் பஞ்சை நிறுத்துக் கண்டது அந்த ஒரு வினைக்குள் அடங்கிவிட்டது.

தேயிலை நாற்றுமேடையில் வேலை செய்பவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. தை மாதத்து மாலையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்து, காற்றும் ஓய்ந்துவிட்டால், பந்தல்மேல் மானாப்புல்லை விரிக்கிறார்கள். மறுநாள் விடியும்போது புல்லின் மேற்பக்கம் வெள்ளையாக இருக்கும். கீழே நாற்று பச்சையாக நிற்கும்.