குளத்துப் படகும் கடற்படகும்: இரண்டு வெள்ளோட்டங்கள்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில், வெண்ணமடைக் குளக்கரையில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு குழாம் இருக்கிறது. அங்குள்ள மிதிபடகுகளும் துடுப்புப் படகுகளும் சாரலுக்காகக் காத்திருப்பவை. கிழக்கே தூத்துக்குடியில், உரிமையாளர் சொன்ன நீளத்துக்கும் கேட்ட எஞ்சினுக்கும் ஏற்பக் கட்டப்படும் புது விசைப்படகு மன்னார் வளைகுடாவுக்காகக் காத்திருக்கிறது. விலையிலும் எடையிலும் இவற்றுக்குள் ஒப்பே கிடையாது. ஆனால் படகைத் தயார்செய்து நீரில் இறக்கிச் சோதிக்கும் முறையை மட்டும் எடுத்து எடைபோட்டால், எதிர்பாராத உறவு ஒன்று தென்படுகிறது.

முதலில் காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகளைக் கரையேற்றி எஞ்சினைப் பிரிப்பதும் வண்ணம் பூசுவதும் அந்த நாட்களில்தான். குற்றாலத்துப் படகுகளைச் சீர்செய்யவும் சீசனுக்கு முந்தைய அதே கோடைதான் வாய்ப்பு. ஜூன் நடுவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நீருக்குத் திரும்புகின்றன. ஆனால் கடற்படகு நீரைத் தேடிப் போகிறது. வெண்ணமடையிலோ நீர் படகைத் தேடி வருகிறது. கடற்படகின் வெள்ளோட்டத்துக்கு உரிமையாளர் நாள் குறிக்கலாம். குளத்துப் படகுக்கு நாள் குறிப்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை. அருவியில் தண்ணீர் விழுந்து குளம் பெருகும் வரை, எவ்வளவு நன்றாகப் பழுதுபார்த்த படகும் கரையில்தான் கிடக்க வேண்டும்.

அடுத்தது கசிவு. புதுப் படகின் எஞ்சினையும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் தரையிலேயே நேர்கோட்டில் பொருத்திவிடுவார்கள். ஆனால் கட்டைகள் மேல் நின்ற உடல், நீர் தாங்கத் தொடங்கியதும் நூலளவு வளைந்து கொடுக்கிறது. அதனால் மிதந்த பிறகு கப்ளிங்கைக் கழற்றி, இடைவெளியில் மெல்லிய அளவுத் தகட்டைச் செருகி, சுற்றிலும் ஒரே அளவு இருக்கிறதா என்று மறுபடி பார்க்கிறார்கள். ஷாஃப்ட் படகைவிட்டு வெளியேறும் இடத்தில் திணித்த பேக்கிங் கயிறு, ஓட்டத்தின்போது நிமிடத்துக்குச் சில சொட்டு நீரை உள்ளே விட வேண்டும். அடியோடு காய்ந்திருந்தால் கயிறு சூடேறி ஷாஃப்டைத் தேய்க்கும். தாரையாக வந்தால் பிடிப்பு போதவில்லை. மிதிபடகில் சக்கரத்தின் அச்சு நீர்மட்டத்துக்கு மேலேயே இருப்பதால் அங்கே இந்தக் கணக்கு இல்லை. அடிப்பகுதியில் ஈரம் ஊறினால் ஃபைபரில் விரிசல் இருக்கிறதா என்று தேட வேண்டியதுதான். ஒன்றில் நலத்தின் அடையாளமான சொட்டு, மற்றதில் நோயின் அடையாளம்.

வேகச் சோதனையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கடலில் நீரோட்டம் உண்டு. ஆகவே ஒரே தூரத்தைப் போகவும் வரவும் ஓடி, இரண்டு வேகத்துக்கும் சராசரி எடுக்கிறார்கள். குளத்தில் அதற்கு வேலையே இல்லை.

உறவு நெருங்குவது சமநிலையில். சொகுசு மோட்டார் படகானாலும் பயணிகள் படகானாலும், முறையாகச் சான்று பெறும் புதுக் கலத்துக்குச் சாய்வுச் சோதனை உண்டு. எடை தெரிந்த கட்டிகளைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்துவார்கள். உள்ளே தொங்கவிட்ட தூக்குக்குண்டு எவ்வளவு விலகுகிறது என்று அளந்து, படகின் எடைமையம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிடுவார்கள். அலை, காற்று, இறுகக் கட்டிய கயிறு, எதுவும் குறுக்கிடக் கூடாது. ஆழ்கடலுக்கென்று கட்டிய கலம்கூட இந்தச் சோதனைக்குக் குளத்தைப் போன்ற நீரைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

வெண்ணமடையில் தூக்குக்குண்டு தேவையில்லை. கனத்த தகப்பனாரும் சிறு பையனும் அக்கம்பக்கமாக ஏறி அமர்ந்ததும் படகு ஒருக்களிக்கிறது. “அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் நடுவுல தள்ளி உக்காருங்க” என்பதில் நடப்பதும் எடையை நகர்த்திச் சாய்வைப் பார்ப்பதுதான். அங்கே ஒருமுறை செய்து எண்ணாக எழுதி வைப்பதை, இங்கே ஒவ்வொரு சவாரியிலும் கண்ணாலேயே செய்ய வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே நடந்தது தேக்கடி விபத்து. ஏரியில் ஓடிய புது மோட்டார் படகு ஜலகன்யகா. 2009 செப்டம்பர் 30 அன்று, கரையில் விலங்குகளைக் கண்ட பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டபோது அது கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். நீர் அமைதியாகத்தான் இருந்தது. இடம் மாறியது மனித எடை. குளம்தானே என்ற அலட்சியத்தை அதற்குப் பிறகு என்னால் ஏற்க முடியவில்லை.

கடற்படகின் வழக்கத்தில் ஒன்றைக் குளங்களும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். குளம் நிரம்பியதும், முதல் பயணியை ஏற்றுவதற்கு முன்பு, எடை பார்த்த மணல் மூட்டைகளை இருக்கைகளில் மாற்றி மாற்றி வைத்து ஒவ்வொரு படகின் சாய்வையும் அளக்கலாம். எத்தனை பேர், யார் எந்தப் பக்கம் என்ற விவரத்தைப் படகின் உட்புறத்தில் வண்ணத்தால் எழுதிவிடலாம். அரைநாள் வேலை அது. அருவிக்கரைக் கூட்டம் படகுத்துறைக்கு வந்து சேர்வதற்குள் முடித்துவிடலாம்.