சுண்ணாம்பும் உயிரும்



எல்லவிலிருந்து தெமோதரை நோக்கி வரும் புகையிரதம் ஒன்பது வளைவுகளையுடைய பாலம் ஒன்றைக் கடக்கின்றது. கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழுப்பப்பட்ட பாலம் அது. 1924இல் பதுளையை எட்டிய இப்பாதையில் இன்றும் அதன்மேல் வண்டிகள் ஓடுகின்றன. அந்தச் சீமெந்துக்கு உறுதி தருவது சுண்ணாம்பிலுள்ள கல்சியம். அயலில் வளரும் தேயிலைக் கொழுந்திலும், அதனைக் கொய்யும் கைகளின் என்பிலும் அமைந்திருப்பது அதே கல்சியந்தான். கல்லுக்கும் உயிருக்கும் பொதுவான இப்பொருளின் தொழிலை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றை இன்று சற்று நோக்குவோம்.

சுவருக்குப் பூசவும் வெற்றிலையில் தடவவும் நம் முன்னோர் நெடுங்காலமாகச் சுண்ணாம்பைப் பயன்படுத்தி வந்தனர். என்பில் சுண்ணாம்பும் பொசுபரசும் சேர்ந்த உப்பு உண்டென்பதை 1770ஆம் ஆண்டளவில் சுவீடன் நாட்டு இரசாயனிகள் கண்டனர். 1808இல் இலண்டனில் ஹம்பிரி டேவி என்பார் மின்சாரத்தின் துணைகொண்டு சுண்ணாம்பினின்றும் கல்சியம் என்னும் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். ஆயினும், சுவருக்குக் கல் எப்படியோ உடலுக்குக் கல்சியம் அப்படி. அது வெறும் கட்டடப் பொருளே என்ற எண்ணமே நிலவி வந்தது.

அவ்வெண்ணத்தை மாற்றியது ஒரு தவளையின் இதயம். இலண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், உடலினின்றும் எடுத்த தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கச் செய்து ஆராய்ந்து வந்தார். வடித்த நீரில் செய்த கரைசலென்று அவர் கருதியது, உண்மையில் குழாய் நீரில் செய்யப்பட்டதாகும். வடித்த நீரையே பயன்படுத்தியபோது துடிப்பு தளர்ந்து நின்றது. குழாய் நீரில் கரைந்திருந்த சிறிதளவு சுண்ணாம்பே இதயத்தை இயக்கியது என்பதை 1883இல் அவர் வெளியிட்டார். கட்டடத்தின் கல்லென்று கருதப்பட்டது, கட்டடத்துக்குள் வாழ்வோனையும் இயக்குகின்றது என்பது அன்று தெளிவாயிற்று.

வளர்ந்த மனித உடலில் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் கல்சியம் உண்டு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு என்பிலும் பல்லிலும் உள்ளது. எஞ்சிய ஒரு பங்கே தசையைச் சுருக்குகின்றது. நரம்பின் செய்தியைக் கடத்துகின்றது. காயத்தில் குருதியை உறையச் செய்கின்றது. நூறு மில்லிலீற்றர் குருதியில் சுமார் பத்து மில்லிகிராம் என்ற அளவை உடல் விடாது காக்கின்றது. கழுத்திலுள்ள சின்னஞ்சிறு சுரப்பிகள் இக்காவலைச் செய்கின்றன. அவற்றை இழந்த விலங்குகளுக்கு உண்டாகும் வலிப்பைக் கல்சியம் தணிக்கும் என்பதை 1909இல் அமெரிக்காவில் மக்கலமும் வேக்ட்லினும் காட்டினர்.

இனி, தாவரத்தைப் பார்ப்போம். கலத்தையும் கலத்தையும் ஒட்டவைக்கும் பெக்டின் என்னும் பசையை இறுக்குவது கல்சியமாகும். வேர் உறிஞ்சும் நீருடன் மேலேறி இலையில் ஒருமுறை படிந்த கல்சியம், பெரும்பாலும் அங்கிருந்து திரும்புவதில்லை. ஆகையால் முற்றிலையில் அது மிகுந்தும் இளந்தளிரில் குறைந்தும் காணப்படும். மண்ணில் பஞ்சம் வந்தால் முதலில் வாடுவது தளிரேயாகும்.

தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. எனினும், அமோனியம் சல்பேட் போன்ற பசளைகளை ஆண்டாண்டாக இடுவதால் அப்புளிப்பு அளவு கடந்துவிடுகின்றது. அதனாலேதான் கவ்வாத்துக் காலத்தில் தோட்டங்களில் டொலமைட் தூவுகின்றனர். கல்சியமும் மக்னீசியமும் கலந்த கல்லின் தூள் அது. அதையும் அளவுக்கு மீறி இட்டால் தேயிலைக்குத் தீங்கே. எவ்வளவு இடுவதென்பதை மண்ணைச் சோதித்தே முடிவு செய்கின்றனர்.

செடிக்கும் மனிதனுக்கும் ஈண்டு ஒரு பெரிய வேற்றுமை உண்டு. குறைவு நேர்ந்தால் செடி தன் தளிரில் அதனை உடனே காட்டிவிடும். மனித உடலோ என்பிலிருந்து கல்சியத்தைக் கடன் வாங்கி, இதயம் நில்லாமல் பார்த்துக்கொள்ளும். கருவுற்ற தாயும் பாலூட்டும் தாயும் போதிய உணவின்றி இருந்தால், குழந்தைக்கு வேண்டியதில் ஒரு பங்கு அவர்களின் என்பிலிருந்தே போகின்றது. அக்கடன் தீராமலே போனால் முதுமையில் என்பு நொறுங்கும். கூடை சுமந்து மலையேறும் பெண்ணுக்கு இது சிறிய செய்தியன்று.

மண்ணுக்கு டொலமைட் என்றால், கொழுந்து கொய்பவளுக்கு யாது? வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் மில்லிகிராம் கல்சியம் வேண்டும். நூறு கிராம் தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவே உண்டு. வெள்ளைக் கோதுமை மாவும் பெரிதும் மேலானதன்று. ஊவாவின் சேனைகளில் விளையும் குரக்கனிலோ நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் உண்டு. முள்ளோடு உண்ணும் நெத்தலி, முருங்கையிலை, பால், தயிர் ஆகியனவும் உதவும். வெற்றிலைச் சுண்ணாம்பே போதுமென்பார் சொல்லை ஏற்க வேண்டாம். பாக்கோடு மெல்லும் அவ்வழக்கம் வாய்ப்புற்றுநோய்க்கு வழிகோலுவதாகும்.

உண்ட கல்சியம் உடலில் சேர விற்றமின் டி வேண்டும். 1919இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் மருத்துவர், என்பு வளைந்த குழந்தைகளைப் புறஊதா ஒளியால் குணப்படுத்திக் காட்டினார். அவ்வொளி வெயிலிலும் உண்டு. லயத்து அறையின் இருளிலே கிடக்கும் பிள்ளையைச் சற்று இளவெயிலுக்குக் கொண்டுவருவதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை.

செடிக்கு வேண்டியதை மண்ணைச் சோதித்து, அளந்து கொடுக்க நாம் கற்றுக்கொண்டோம். அந்தக் கணக்கை மனிதரின் உணவுத் தட்டிலும் பார்க்கக் கற்றுக்கொண்டால், இந்நூற்றாண்டுகளின் அறிவு மலைநாட்டின் ஒவ்வோர் அடுப்படிக்கும் வந்து சேர்ந்ததாகும்.