வினோத் காம்ப்ளி

வினோத் கணபத் காம்ப்ளி (பிறப்பு: ஜனவரி 18, 1972) 1991 முதல் 2000 வரை இந்திய கிரிக்கெட் அணிக்கு ஆடிய இடதுகை பேட்ஸ்மேன், மும்பைக்காரர். 17 டெஸ்ட்களில் 1,084 ரன் எடுத்தார், சராசரி 54.20. பள்ளித் தோழர் சச்சின் டெண்டுல்கரின் டெஸ்ட் சராசரி 53.78தான். பதினேழு டெஸ்ட்களை இருநூறு டெஸ்ட்களோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்றாலும், காம்ப்ளியின் ரசிகர்கள் முப்பது ஆண்டுகளாக இந்த ஒப்பீட்டைக் கைவிடவில்லை. 23 வயதில் அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. அதன் பிறகு அவர் பெயர் ஆட்டத்துக்காகப் பேசப்பட்டதைவிடக் குடிப்பழக்கம், உடல்நலக் குறைவு, பணமுடை ஆகியவற்றுக்காகப் பேசப்பட்டதே அதிகம்.

மும்பையின் புறநகரான காஞ்சுர்மார்க்கில் எளிய குடும்பத்தில் வளர்ந்தார். தந்தை கணபத் காம்ப்ளியும் மும்பை கிளப் ஆட்டங்களில் வேகப்பந்து வீசியவர். மைதானத்துக்கு வர கிரிக்கெட் பையைச் சுமந்துகொண்டு நெரிசலான மின்சார ரயிலில் தினமும் பயணிக்க வேண்டியிருந்தது. தாதரில் உள்ள சாரதாஷ்ரம் பள்ளியில் சேர்ந்ததும் ரமாகாந்த் அச்ரேகரின் பயிற்சி கிடைத்தது. சிவாஜி பூங்காவில் நூற்றுக்கணக்கான சிறுவர்களைப் பழக்கிய அச்ரேகர் கண்டிப்புக்குப் பெயர்போனவர். 1990இல் துரோணாச்சாரியார் விருது பெற்றார். அவரிடம் பயின்றவர்களில் இந்திய அணிக்கு ஆடியவர்கள் பலர். எனினும் அச்ரேகர் என்றவுடன் நினைவுக்கு வருவது சச்சின், காம்ப்ளி என்ற இருவரின் பெயர்களே.

அதற்குக் காரணம் 1988 பிப்ரவரியில் ஆசாத் மைதானத்தில் நடந்த ஹாரிஸ் ஷீல்டு அரையிறுதி. செயின்ட் சேவியர்ஸ் பள்ளிக்கு எதிரான அந்த ஆட்டத்தில் இருவரும் பிரியாமல் 664 ரன் சேர்த்தார்கள். காம்ப்ளி 349, சச்சின் 326, இருவருமே ஆட்டமிழக்கவில்லை. டிக்ளேர் செய்யச் சொல்லி வெளியிலிருந்து உதவிப் பயிற்சியாளர் கூப்பிட்டதைக் கேளாதவர்கள்போல இருவரும் ஆடிக்கொண்டே போனார்கள் என்பது மும்பை கிரிக்கெட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. அதே ஆட்டத்தில் காம்ப்ளி 37 ரன் கொடுத்து 6 விக்கெட்டும் எடுத்தார் என்பதைச் சொல்வோர் குறைவு. எந்த வகைக் கிரிக்கெட்டிலும் எந்த விக்கெட்டுக்கும் அந்த 664 ரன்னே உலகச் சாதனையாக இருந்தது. 2006இல் ஹைதராபாத்தில் இரண்டு பள்ளி மாணவர்கள் 721 ரன் சேர்த்து அதை முறியடித்தனர். சாதனை கைமாறிய பிறகும் 664 என்ற எண்ணின் மவுசு குறையவில்லை. ஒரே நாளில், ஒரே ஆடுகளத்தில் தொடங்கிய இருவரில் ஒருவர் எங்கே போனார், மற்றவர் எங்கே போனார் என்று கேட்பதற்கு அந்த எண் வசதியாக அமைந்துவிட்டது.

ரஞ்சி கோப்பையில் சந்தித்த முதல் பந்தையே சிக்சருக்கு அனுப்பியவர் என்ற பெயரோடு வந்த காம்ப்ளி, 1991 அக்டோபரில் ஷார்ஜாவில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒருநாள் போட்டியில் அறிமுகமானார். 1993 ஜனவரி 18 அன்று, தன் 21வது பிறந்தநாளில், ஜெய்ப்பூரில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 100 எடுத்தார். அதே மாத இறுதியில் கொல்கத்தாவில் டெஸ்ட் அறிமுகம். அந்த ஆட்டத்தில் பெரிதாக ஒன்றும் நிகழவில்லை: 16, ஆட்டமிழக்காமல் 18. அடுத்து சேப்பாக்கத்தில் 59. அதற்கடுத்து சொந்த ஊரான மும்பையின் வான்கடே மைதானத்தில் 224. மார்ச்சில் டெல்லியில் ஜிம்பாப்வேக்கு எதிராக 227. அடுத்தடுத்த டெஸ்ட் இன்னிங்ஸ்களில் இரட்டைச் சதம் அடித்தவர்கள் அதற்கு முன் வாலி ஹாமண்ட், டான் பிராட்மேன் ஆகிய இருவர் மட்டுமே.

அந்த ஆண்டு இலங்கைப் பயணத்திலும் வேகம் குறையவில்லை. கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் 125, அடுத்து பி. சரவணமுத்து மைதானத்தில் 120. எஸ்.எஸ்.சி.யில் கிடைத்த வெற்றி 1990களில் இந்தியா வெளிநாட்டில் பெற்ற ஒரே டெஸ்ட் வெற்றி. மூன்று வெவ்வேறு நாடுகளுக்கு எதிராகத் தொடர்ந்து மூன்று இன்னிங்ஸ்களில் சதம் கண்டவர் என்ற தனிச் சிறப்பும் காம்ப்ளிக்குக் கிடைத்தது. முதல் ஏழு டெஸ்ட்களின் முடிவில் 793 ரன், சராசரி 113.29. சுழற்பந்தை இறங்கி வந்து அடிப்பதில் அவருக்கு நிகரானவர்கள் அப்போது குறைவு. 1994இல் ஷார்ஜாவில் ஷேன் வார்னின் ஒரே ஓவரில் 22 ரன் அடித்தது அக்கால ரசிகர்களுக்கு மனப்பாடம்.

அடுத்த பத்து டெஸ்ட்களில் கதை மாறியது. 13 இன்னிங்ஸ்களில் 291 ரன். சராசரி 22ஐச் சற்றே தாண்டியது. 1994ஆம் ஆண்டின் இறுதியில் கோர்ட்னி வால்ஷ் தலைமையில் வந்த மேற்கிந்தியத் தீவு வேகப்பந்து வீச்சாளர்கள், மார்புயரத்துக்கு எகிறி வரும் பந்துகளில் அவர் தடுமாறுவதை எல்லோருக்கும் காட்டிக் கொடுத்தார்கள். 1995 நவம்பரில் கட்டாக்கில் நியூசிலாந்துக்கு எதிராக ஆடியதே கடைசி டெஸ்ட். 1996 கோடையில் இங்கிலாந்தில் சவுரவ் கங்குலியும் ராகுல் டிராவிட்டும் அறிமுகமாகி நிலைத்துவிட்டதால், நடுவரிசையில் அவருக்கு இடமும் இல்லாமல் போனது.

இந்த வீழ்ச்சிக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. பவுன்சர் ஆட வராதவர் என்பது ஒன்று. இரவு விருந்து, மது, காதணி, தங்கச் சங்கிலி, வாரத்துக்கொரு சிகை அலங்காரம் என்று கவனம் சிதறியவர் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது; இரண்டும் முழு உண்மை அல்ல. பவுன்சருக்குத் தடுமாறிய இளம் வீரர்கள் பலர் வெளியே போய், திருத்திக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். காம்ப்ளி உள்ளூர்ப் போட்டிகளில் ரன் குவிக்கத் தவறவே இல்லை: முதல்தரக் கிரிக்கெட்டில் 129 ஆட்டங்கள், 9,965 ரன், சராசரி 59.67, 35 சதங்கள். ஒருநாள் அணிக்குப் பலமுறை அழைத்த தேர்வாளர்கள் டெஸ்டுக்கு ஒருமுறைகூட அழைக்கவில்லை. இந்திய வாரியம் வீரர்களுக்கு ஆண்டு ஒப்பந்தம் வழங்கத் தொடங்கியது 2004ஆம் ஆண்டில்தான். இருபது வயதில் புகழும் பணமும் ஒருசேர வந்து விழுந்த இளைஞனுக்கு அறிவுரை சொல்ல மன நல ஆலோசகரோ, முறையான ஏற்பாடோ அன்றைய அமைப்பில் கிடையாது. தவறுகள் காம்ப்ளியுடையவை, அவற்றிலிருந்து மீள வழி அமைக்காதது அமைப்பின் குறை.

ரசிகர் மனத்தில் பதிந்த காம்ப்ளி, இந்தப் புள்ளிவிவரங்களில் இருப்பவர் அல்ல. 1996 மார்ச் 13, கொல்கத்தா ஈடன் கார்டன், உலகக் கோப்பை அரையிறுதி. முதலில் ஆடிய இலங்கை 251 எடுத்தது. ஒரு விக்கெட்டுக்கு 98 என்று இருந்த இந்தியா, சச்சின் ஸ்டம்பிங் ஆனதும் சரிந்து 120க்கு 8 ஆனது. ஆத்திரமடைந்த கூட்டம் பாட்டில்களை எறிந்து இருக்கைகளுக்குத் தீ வைக்க, ஆட்ட நடுவர் (மேட்ச் ரெப்ரி) கிளைவ் லாயிட் ஆட்டத்தை இலங்கைக்கு அளித்தார். 10 ரன்னுடன் களத்தில் நின்ற காம்ப்ளி அழுதுகொண்டே பெவிலியனுக்கு நடந்தார். தூர்தர்ஷன் அந்தக் காட்சியை மும்பையில் இருந்தவருக்கும், தமிழகத்தின் அதியமான்கோட்டை போன்ற சிறிய ஊரில் இருந்தவருக்கும் ஒரே நேரத்தில் கொண்டு சேர்த்தது. தோல்விக்காகத் திட்டிக்கொண்டிருந்தவர்களும் அந்த ஒருவர்மேல் மட்டும் இரக்கம் கொண்டார்கள். 2011இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், டாஸ் வென்று பீல்டிங் எடுத்த முடிவின் மேல் தமக்குச் சந்தேகம் உண்டு என்று காம்ப்ளி சொன்னார். அப்போதைய கேப்டன் முகமது அசாருதீன் அதை அடியோடு மறுத்தார். குற்றச்சாட்டு அதற்கு மேல் நகரவில்லை.

ஒருநாள் போட்டிகளில் 104 ஆட்டங்கள், 2,477 ரன். 2000 அக்டோபரில் ஷார்ஜாவில் இலங்கையிடம் இந்தியா 54 ரன்னில் சுருண்ட இறுதிப் போட்டியே அவருடைய கடைசிச் சர்வதேச ஆட்டம். அதன் பின் இந்திப் படம் ஒன்றில் நடித்தார். 2009 மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலில் விக்ரோலி தொகுதியில் நின்று தோற்றார். அதே ஆண்டில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், சச்சின் நினைத்திருந்தால் தனக்கு இன்னும் உதவியிருக்கலாம் என்ற பொருளில் பேசியது இருவரிடையே விரிசலை உண்டாக்கியது. 2013 நவம்பரில் வான்கடேயில் சச்சின் ஆற்றிய விடைபெறும் உரையில் தன் பெயர் இடம்பெறாதது குறித்தும் அவர் வருத்தம் தெரிவித்தார். அந்த மாத இறுதியில் கார் ஓட்டிச் சென்றபோது அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. சாலையில் இருந்த போக்குவரத்துக் காவலர் உதவியால் உயிர் தப்பினார். 2022இல், வாரியம் தரும் மாதம் 30,000 ரூபாய் ஓய்வூதியமே தம் வருமானம் என்றும், மும்பை கிரிக்கெட்டில் ஏதேனும் பயிற்சிப் பணி வேண்டும் என்றும் வெளிப்படையாகக் கேட்டார்.

குறையுள்ள நாயகனை ரசிகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும் விதத்துக்கு அமெரிக்க பேஸ்பாலில் மிக்கி மேன்டில் (1931–1995) எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறார். நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு 536 ஹோம் ரன் அடித்தவர், நாற்பதாண்டுகள் குடித்தவர். 1994இல் மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார்; 1995 ஜூனில் கல்லீரல் மாற்று சிகிச்சை பெற்றார். மறுமாதம் செய்தியாளர்களைச் சந்தித்து, தன்னை யாரும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்; ஆகஸ்டில் இறந்தார். அவரைத் தூற்றியவர்களில் பலர் அந்த ஒரு பேச்சுக்காக மன்னித்தார்கள். இந்தியாவில் கால்பந்து வீரர் வி. பி. சத்யனின் கதை இன்னும் துயரமானது. 1995இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம் வென்று தந்த கேப்டன், இந்தியன் வங்கி அணிக்கு ஆடியவர், மன அழுத்தத்தால் 2006இல் சென்னையில் 41 வயதில் உயிரிழந்தார். கேரளத்துக்கு வெளியே பலர் அவரை அறிந்துகொண்டது 2018இல் வந்த ‘கேப்டன்’ என்ற மலையாளப் படத்தின் மூலம்தான். மேன்டிலுக்கு முழு ஆட்ட வாழ்க்கை வாய்த்தது. சத்யனுக்கு இறந்த பிறகே பெரும் பேர் கிடைத்தது. காம்ப்ளி இந்த இரண்டு வகையிலும் சேராதவர். வாழும் காலத்திலேயே நினைவாகிப் போனவர்.

2024 டிசம்பர் 3 அன்று சிவாஜி பூங்காவில் அச்ரேகரின் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. மேடையில் தளர்ந்து உட்கார்ந்திருந்த காம்ப்ளியிடம் சச்சின் வந்து பேசியதும், காம்ப்ளி அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டதும் காணொளியாக நாடெங்கும் பரவின. 1983 உலகக் கோப்பை அணியினர் உதவ முன்வந்தார்கள். முதலில் அவர் மறுவாழ்வு மையத்துக்குச் செல்ல வேண்டும் என்று கபில் தேவ் நிபந்தனை விதித்தார். காம்ப்ளி சம்மதம் தெரிவித்தார். அதே மாதம் தானே பகுதியில் உள்ள மருத்துவமனை ஒன்றில் அனுமதிக்கப்பட்டபோது மூளையில் ரத்தக்கட்டிகள் இருப்பது தெரியவந்தது. 2025 ஜனவரி முதல் நாள் வீடு திரும்பினார். சில நாட்களில் வான்கடே மைதானத்தின் பொன்விழாவில் பிறர் கைத்தாங்கலோடு கலந்துகொண்டார். 2025 ஏப்ரல் முதல் சுனில் கவாஸ்கரின் அறக்கட்டளை மாதம் 30,000 ரூபாயும், ஆண்டுதோறும் மருத்துவச் செலவுக்கு 30,000 ரூபாயும் அவருக்கு வழங்கி வருகிறது.

அந்தக் காணொளிகளைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அவர் ஆடிப் பார்த்திராத தலைமுறையினர். அவர்கள் கண்ட காம்ப்ளி நோயாளி மட்டுமே. இது அவருக்கு இழைக்கப்படும் அநீதி என்றே கொள்ள வேண்டும். டெஸ்டில் இரட்டைச் சதம் கண்ட இந்தியர்களில் மிக இளையவர் இன்றும் அவர்தான். 2024 மார்ச்சில் யஷஸ்வி ஜெய்ஸ்வால் 16 இன்னிங்ஸ்களில் ஆயிரம் ரன்னைத் தொட்டபோதும் இரண்டாம் இடத்துக்கே வர முடிந்தது. இந்தியர்களில் மிக விரைவாக, 14 இன்னிங்ஸ்களில், டெஸ்ட் ஆயிரத்தை எட்டியவர் வினோத் காம்ப்ளி.