4 ஜிபி ரேம் லேப்டாப்பில் கேம் ஓடுமா? டவுன்லோட் செய்யும் முன் இதைப் பாருங்க!

ஆசையாக இன்ஸ்டால் செய்த கேம், திறந்ததுமே திக்கித் திணறி நிற்கிறதா? படிப்புக்காக வாங்கிய லேப்டாப்பில் எல்லா கேமும் ஓடாது. ஆனால், சரியாகத் தேர்ந்தெடுத்தால் ஜாலியா விளையாடலாம்.

முதலில் என்ன பார்க்கணும்?

டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியைத் திறங்க. ரேம் எவ்வளவு, கிராபிக்ஸ் எது என்பது தெரியும். 'இன்டெல் யுஎச்டி' மட்டும் இருந்தால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. அது ரேமிலிருந்தே கடன் வாங்கும். விண்டோஸும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். எனவே 4 ஜிபி ரேம் என்றால், 2 ஜிபி கேட்கும் கேமைத் தேடுவதே நல்லது.

எந்தெந்த கேம் ஓடும்?

* ஸ்டார்டியூ வேலி (2016): விவசாய கேம். 2 ஜிபி ரேம், 500 எம்பி இடம் போதும்.
* அண்டர்டேல் (2015): கதை கேம். 2 ஜிபி ரேம், 200 எம்பி இடம்.
* ஓபன்டிடிடி, பேட்டில் ஃபார் வெஸ்னாத்: இரண்டுமே இலவசம். நெட் இல்லாமலும் ஆடலாம்.

இன்னும் திணறுதா?

ரெசல்யூஷனை 1280x720 ஆக்குங்க. ஷேடோவை அணைச்சிடுங்க. பிரவுசரை மூடி, சார்ஜரைச் சொருகிட்டு ஆடுங்க.

காசு வீணாகுமா?

ஸ்டீமில் வாங்கிய கேம் ஓடலையா? வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

'கிராக்' கேம் பக்கம் மட்டும் போகாதீங்க. அதோடு வைரஸ் வந்தால் பாஸ்வேர்டு, புராஜெக்ட் ஃபைல் எல்லாமே போயிடும்!