காற்றில் கலந்த பூச்சிமருந்து: பரங்கிப்பேட்டை முதல் தருமபுரி வரை ஓர் அளவீட்டு வரலாறு

முன்னுரை

தருமபுரி மாவட்டத்தில் தக்காளித் தோட்டமும் மாந்தோப்பும் மல்பெரித் தோட்டமும் பல ஊர்களில் வீட்டுச் சுவரை ஒட்டியே இருக்கின்றன. மருந்து அடிக்கும் நாளில் அதன் நெடி அடுக்களை வரை வரும். நெடி அடங்கிய பிறகும் மருந்து காற்றில் இருக்கும். அதைக் கருவியால்தான் அறிய முடியும். பூச்சிமருந்தின் எச்சம் என்றதும் காய்கறியும் பாலும் நிலத்தடி நீரும் நினைவுக்கு வரும் அளவுக்கு, நாள் முழுதும் சுவாசிக்கும் காற்று நினைவுக்கு வருவதில்லை. காற்றில் மருந்தை அளக்கும் முறை எப்படி வளர்ந்தது, தமிழகத்தில் அது எங்கே வேர்விட்டது, தருமபுரிக்கு அது எந்த வடிவில் தேவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வீட்டின் உள்ளும் புறமும் ஒருசேர அளந்தால்தான் கிராமத்து மக்கள் சுவாசிக்கும் மருந்தின் கணக்கு முழுமை பெறும் என்பதே இதன் வாதம்.

கருவியின் வரலாறு

இங்கிலாந்து அறிவியலாளர் ஜேம்ஸ் லவ்லாக் 1957இல் எலெக்ட்ரான் கவர் உணரியை உருவாக்கினார். டி.டி.டி., பி.எச்.சி. போன்ற குளோரின் கலந்த மருந்துகளை மிக நுண்ணிய அளவிலும் அது காட்டிக்கொடுத்தது. ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ 1962இல் எழுப்பிய கேள்விகளுக்கு எண்களால் விடை தேட இந்தக் கருவி வழிசெய்தது. அட்லாண்டிக் கடலைத் தாண்டி பார்படோஸ் தீவுக்கு வந்த காற்றுத் தூசியிலும் பூச்சிமருந்து இருப்பதை 1968இல் ரைஸ்பரோ குழுவினர் வெளியிட்டனர். தெளித்த வயலோடு மருந்து நின்றுவிடுவதில்லை என்பது உறுதியானது.

காற்றிலிருந்து மருந்தைப் பிடிக்க இன்று பரவலாகப் பயன்படுவது பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு. கண்ணாடிக் குழாய்க்குள் பஞ்சை வைத்துச் சிறு பம்பு மூலம் காற்றை இழுக்கிறார்கள். நிமிடத்துக்கு 4 லிட்டர் வீதம் 24 மணி நேரம் இழுத்தால் 5.76 கன மீட்டர் காற்று பஞ்சின் வழியே போயிருக்கும். பஞ்சில் தங்கிய மருந்தைக் கரைப்பானில் பிரித்தெடுத்து, வாயு நிறப்பிரிகைக் கருவியில் அளந்து, காற்றின் கன அளவால் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு இத்தனை நானோகிராம் என்ற விடை கிடைக்கும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. மின்சாரமே வேண்டாத முறையும் உண்டு. இரண்டு எஃகுக் கிண்ணங்களுக்கு இடையே பஞ்சு வட்டைத் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் விட்டுவைத்து எடுப்பார்கள்.

பரங்கிப்பேட்டை ஆய்வு

தமிழகத்தில் இந்த வரலாறு வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அழுத்தமாகத் தொடங்குகிறது. அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தினரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக அறிஞர் ஷின்சுகே தனபே குழுவினரும் 1980களின் பிற்பகுதியில் பருவந்தோறும் காற்றை அளந்தனர். 1989இல் வெளியான முடிவுகளின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் பி.எச்.சி. 1.45 முதல் 35.6 நானோகிராம் வரையிலும், டி.டி.டி. 0.16 முதல் 5.93 நானோகிராம் வரையிலும் இருந்தன. நெற்பயிருக்கு மருந்து அடிக்கும் பருவத்தில் அளவு ஏறியது. வயலில் நடக்கும் வேலைக்கும் காற்றின் நிலைக்கும் உள்ள தொடர்பு அந்த எண்களில் பதிவானது.

அதே வட்டாரத்தில் வயலில் இட்ட பி.எச்.சி. எங்கே போகிறது என்றும் கணக்கிட்டார்கள். 1991இல் வெளியான அந்த மதிப்பீட்டின்படி 99.6 விழுக்காடு ஆவியாகிக் காற்றுக்குப் போனது. நீர்வழியாகக் கடலை அடைந்தது 0.4 விழுக்காடு மட்டுமே. வெப்பநாட்டு வயலில் மருந்துக்கு முதல் வழி காற்றுதான் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இதற்கிடையே சட்டமும் நகர்ந்தது. வேளாண்மையில் டி.டி.டி. 1989இலும், பி.எச்.சி. 1997இலும் தடைசெய்யப்பட்டன. எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை 2006இல் இந்தியா ஏற்றது. எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தை உச்ச நீதிமன்றம் 2011இல் நிறுத்தியது. சென்னை, பெங்களூரு உள்ளிட்ட ஏழு நகரங்களின் காற்றைப் பஞ்சு வட்டுகளால் அளந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஆனால் இவ்வகை ஆய்வுகள் பெரும்பாலும் பழைய குளோரின் மருந்துகளையே தேடின. விவசாயி இன்று டேங்கில் கலக்கும் பாஸ்பரஸ் வகை மருந்துகளும் பைரித்ராய்டுகளும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றன.

வீட்டுக்குள் இருக்கும் காற்று

வெளியே அளந்தால் போதும் என்ற எண்ணத்தை அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு மாற்றியது. 1980களின் பிற்பகுதியில் ஜாக்சன்வில், ஸ்பிரிங்ஃபீல்டு வட்டாரங்களில் வீட்டின் உள்ளும் புறமும் மக்கள் உடலோடு சுமந்த கருவியிலும் 32 மருந்துகளை அளந்தனர். பொதுவாக வெளிக்காற்றைவிட வீட்டுக்காற்றிலேயே மருந்து கூடுதலாக இருந்தது. வெயிலும் மழையும் வெளியே மருந்தைச் சிதைக்கின்றன. வீட்டுக்குள் அது தூசியிலும் திரைச்சீலையிலும் படுக்கையிலும் தங்கி மெல்ல மெல்ல வெளியேறுகிறது.

நம் வீடுகளிலும் அதற்கான மூலங்கள் குறைவில்லை. கொசுவர்த்திச் சுருளும் திரவக் கொசுவிரட்டியும் இரவெல்லாம் பைரித்ராய்டை அறைக்குள் விடுகின்றன. தெளிப்பான் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. மீதி மருந்து பரண்மேல் இருக்கிறது. அடித்தவரின் சட்டை உள்ளறைக் கொடியில் காய்கிறது.

தருமபுரியின் தேவை

இந்த மாவட்டத்துப் பட்டு விவசாயிக்கு உள்காற்று, வெளிக்காற்று என்ற பிரிவே கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் அடித்த மருந்து காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்தால், அதைத் தின்ற புழு தலையைத் தூக்கி அசைத்து, பச்சைநீரைக் கக்கி, உடல் சுருங்கிச் சாகிறது. புழு வளர்ப்பு மனையில் கொசுவர்த்தி ஏற்றக் கூடாது என்பதும் பட்டு வளர்ப்போர் அறிந்த விதி. புழுவைக் காக்க மனையின் உள்ளும் புறமும் பார்க்கும் கவனம், அதே கூரைக்கு அருகே உறங்கும் குழந்தைக்கும் கிடைக்க வேண்டும்.

2009இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத்தரப் பட்டியலில் 12 மாசுகள் உள்ளன. அவற்றில் ஒரு பூச்சிமருந்தும் இல்லை. பிரான்ஸ் 2018–19இல் 50 இடங்களில் 75 மருந்துப் பொருள்களை ஓராண்டு அளந்தது. கலிஃபோர்னியா 2011 முதல் வேளாண் பகுதிகளில் தொடர்ந்து அளந்துவருகிறது. இவை நம் கைக்கு எட்டாத வேலைகள் அல்ல.

முடிவுரை

பரங்கிப்பேட்டை ஆய்வு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வழிகாட்டிவிட்டது. அதே முறையைத் தருமபுரிக்குக் கொண்டுவர மூன்று மாற்றங்கள் போதும். இன்று புழங்கும் மருந்துகளைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மா பூக்கும் பருவம், தக்காளிப் பருவம், மருந்து அடிக்காத மாதங்கள் என்று பிரித்து அளக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் திண்ணைக்கு வெளியே ஒரு பஞ்சும் உறங்கும் அறையில் ஒரு பஞ்சும் ஒரே நாளில் வைக்க வேண்டும். பல்கலைக்கழகங்களும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பட்டு வளர்ச்சித் துறையும் சேர்ந்து இதைத் தொடங்க வேண்டும். கிடைக்கும் எண்களை அந்தந்த வீட்டாருக்குத் தமிழில், அவர்கள் கையிலேயே தர வேண்டும். தாங்கள் சுவாசிப்பது என்ன என்று அறியும் முதல் உரிமை அவர்களுடையது.